ஓர்பாள் போன வழி

ஜெயசுதாவின் சபையில் கேள்வி கேட்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாம்பாரில் உப்பில்லை என்று உரக்கச் சொல்வதற்குச் சமம். யாரும் செய்யமாட்டார்கள். பெருமாநல்லூர்ப் பக்கத்து ஜனங்கள் சாதாரணமாகவே வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள். கோயிலுக்குள் வந்துவிட்டால் அந்த மரியாதை இன்னும் ஒரு படி ஏறிவிடும். பிரசங்கம் புரிந்தால் ஆமென் என்பார்கள். புரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் சத்தமாக ஆமென் என்பார்கள். சொல்பவர் மனசு நோகக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த நல்ல குணம்தான் ஜெயசுதாவைப் பரீட்சையில் கவிழ்த்தது.

அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருப்பவள். தைத்து வரும் பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிப் போனவள். அந்தக் கண்ணை வேதத்தின் மேலும் வைத்ததுதான் வினை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இப்படித்தான். ஆபிரகாம் மகனைப் பலி கொடுக்கக் கூட்டிப் போனானே, கிளம்பும்போது சாராளிடம் சொல்லிவிட்டா போனான்? யோபுவுக்கு மறுபடியும் பிள்ளைகள் பிறந்தார்கள், சரி. முதலில் செத்துப்போன பிள்ளைகளுக்காக அவன் பெண்டாட்டி அழுவதை நிறுத்திவிட்டாளா? யாரிடமாவது கேட்டால், "அதெல்லாம் விசுவாசம் கண்ணு, அப்பிடியே ஏத்துக்கோணும்" என்று தலையைத் தடவி அனுப்பிவிடுவார்கள்.

நாற்பதைத் தாண்டிய பிறகு, யாரிடமும் கேட்காமல் தானே படித்துக்கொள்வது என்று அஞ்சல் வழியில் இறையியல் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே தீர்க்கதரிசிகளைப் படித்தாள். எழுத்துப் பரீட்சைகள் எல்லாவற்றையும் ஊதித் தள்ளினாள். மிச்சம் இருந்தது போதனைத் தேர்வு ஒன்றுதான். சொந்தச் சபையில் ஒரு வேதபாட வகுப்பு எடுக்க வேண்டும், வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறினால் ஞாயிற்றுக்கிழமைப் பெரியவர் வகுப்பை அவளிடமே ஒப்படைப்பதாகச் சபைக் கமிட்டி சொல்லியிருந்தது. அந்த வகுப்பை அதுவரை ஒரு பெண் எடுத்ததில்லை.

முதல் முறை அவள் அழகாகத்தான் எடுத்தாள். முடித்துவிட்டு "ஏதாச்சும் கேக்கறீங்களா?" என்றபோது மொத்த வகுப்பும் புன்னகையோடு தலையாட்டியது. தேர்வாளர் ஞானசிகாமணி ஐயா தெற்கத்திக்காரர், வயதானவர், வார்த்தையை மென்று பேசத் தெரியாதவர்.

"ஏம்மா, ஒரு கேள்விகூட வரலியே. கேள்வி வராட்டா அது வகுப்பு இல்ல, பிரசங்கம். பிரசங்கம் பண்ண நாங்க இருக்கோம்லா. இன்னொருக்கா வாரேன், அதான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழுததைப் பார்த்தவர் ஒருவர்தான், அவள் புருஷன் சிவபிரகாஷ். அவர் பரம்பரை நெசவுக் குடும்பம். தறி போய், இப்போது வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு நிட்டிங் மெஷின் வைத்து, நூலை வாங்கித் துணியாக ஓட்டிக் கொடுக்கிறார். தைப்பூசம் வந்தால் பழனிக்கு நடந்து போவார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்த்தால் ஜெயசுதாவுக்கே கொஞ்சம் அடையாளம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தபோது விரும்பி, ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். இரண்டு வீட்டாரும் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மகள் தமிழ்மதி பிறந்ததும் போட்டி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

கல்யாணத்தன்றே அவர்களுக்குள் ஒரு பேச்சு. வீட்டுக்குள் யாரும் யாருக்கும் பிரசங்கம் பண்ணக்கூடாது. அதை இருவரும் கம்பெனிச் சட்டத்தைவிடக் கறாராகக் காப்பாற்றி வந்தார்கள். அவர் கொண்டுவரும் பஞ்சாமிர்தம் பிரிட்ஜில் ஒரு பக்கம் இருக்கும், அவள் செய்யும் கிறிஸ்துமஸ் கேக் இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டையும் காலி செய்வது தமிழ்மதியின் பொறுப்பு. அவளும் கோயமுத்தூருக்குப் படிக்கப் போன பிறகு அந்த வீட்டில் மதச் சண்டை வருவதற்கு ஒரே வாய்ப்பு, காலையில் யார் முதலில் குளிப்பது என்பதுதான்.

ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு கேள்வி கிடந்தது. அது ஜெயசுதாவுக்கு நன்றாகவே தெரியும். சபைக்கு வெளியே இருப்பவர்கள் பரலோகத்துக்கும் வெளியேதான் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அப்படியானால் இவர்? படுக்கப் போகுமுன் கண்ணை மூடி எல்லாருக்காகவும் ஜெபிப்பாள். அவர் பெயர் வந்ததும் ஜெபம் தட்டுத் தடுமாறும். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறவள், அந்த ஒன்றை மட்டும் பெட்டிக்குள் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவரும் கேட்டதில்லை.

இரண்டாம் முறைக்கு அவளுக்குக் கொடுத்த பகுதி, வேதத்தில் ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரம். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்து வகுப்பு எடுத்துப் பழகினாள். சிவபிரகாஷ் கூடத்தில் கணக்குப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"செவுத்துக்கிட்டச் சொல்றதுக்கு எங்கிட்டச் சொன்னா ஆகாதா?" என்றார் ஒருநாள்.

"நம்ம பேச்சு என்னாச்சுங்க?"

"பிரசங்கந்தான் ஆகாது. பாடம் ஆகும். எங்க சாமி அவரு அப்பனுக்கே பாடஞ் சொன்னவரு, தெரியுமல்லோ."

"அது உங்க சாமி. எனக்கு அத்தனை தெகிரியம் இல்லீங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டுச் சுவரிடமே திரும்பினாள். பஞ்சத்தில் ஊரைவிட்டு மோவாப் தேசத்துக்குப் போன நகோமி, அங்கே புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறாள். வேறு சாமி கும்பிடும் மோவாப் மருமகள்கள் இருவரும் பாதிவழி கூடவே வருகிறார்கள். திரும்பிப் போங்கள் என்கிறாள் மாமியார். ஒருத்தி அழுது, முத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறாள். இன்னொருத்தி, ரூத், போகமாட்டேன், உன் ஜனமே என் ஜனம், உன் தெய்வமே என் தெய்வம் என்று ஒட்டிக்கொள்கிறாள்.

கூடத்திலிருந்து குரல் வந்தது. "திரும்பிப் போனவ பேரென்ன சொன்ன?"

"ஓர்பாளுங்க."

"ம்" என்றார்.

இதற்கிடையில் சபையார் சும்மா இருக்கவில்லை. ஜெயசுதா ஃபெயிலானதற்குத் தாங்கள்தான் காரணம் என்று கேள்விப்பட்டதும் அவர்களுக்குத் துக்கம் தாங்கவில்லை. பெண்கள் சங்கச் செயலாளர் விஜயகுமாரி அக்கா தலைமையில் அவளுக்குத் தெரியாமல் கூடிப் பேசி, இந்த முறை கேள்விகளால் அடித்து நொறுக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கேள்வி, வருஷா வருஷம் வேத வினாடி வினாவில் கேட்கிற கேள்வி. அதில் இந்தச் சபைக்கு அலமாரி நிறையக் கேடயங்கள் உண்டு. ஆளுக்கு ஒரு கேள்வி பிரித்துக்கொண்டார்கள். தவறிப்போய் அவளுக்குப் பதில் தெரியாவிட்டால் சங்கடமாகிவிடுமே என்று, பதிலையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். பாசத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

தேர்வு நாள். ஞாயிறு மத்தியானம், ஆராதனை முடிந்து சாப்பிட்டு வந்த கூட்டம். சிவபிரகாஷ் வழக்கம்போல வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஞானசிகாமணி ஐயா உள்ளே நுழையும்போது அவரைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, வெயில்ல காயணுமா? உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ இருங்க. இங்க யாரும் உங்களைக் கடிச்சிர மாட்டாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து கடைசி பெஞ்சில், தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். திருநீற்று நெற்றியோடு அவர் அங்கே உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஜெயசுதாவுக்கு முதல் இரண்டு வாக்கியம் மறந்தே போய்விட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய வேதத்தைப் பற்றி அவர் முன்னால் நின்று அவள் பேசியதே இல்லை.

எப்படியோ ஆரம்பித்து, நன்றாகவே சொல்லி முடித்தாள். "கேள்வி இருந்தாக் கேளுங்க" என்றதுதான் தாமதம், கைகள் மளமளவென்று உயர்ந்தன.

விஜயகுமாரி அக்கா எழுந்தாள். "நகோமியோட புருஷன் பேரென்னங்க?"

"எலிமெலேக்குங்க."

"சரியான பதிலுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து கட்டிங் மாஸ்டர் தங்கதுரை எழுந்தார். கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். மோவாப்பில் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் இருந்த கன்னையன் பதற்றத்தில் பதிலைச் சொல்லிவிட்டான். நகோமி ஊர் திரும்பியபோது பெத்லகேமில் என்ன அறுவடை நடந்தது என்று ஒரு அம்மா கேட்டாள். "வாற்கோதுமை" என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். கேட்பவர்கள் முகத்திலெல்லாம் நம்ம பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டோம் என்ற பூரிப்பு.

ஜெயசுதாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சில் ஞானசிகாமணி ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கிற விதத்திலேயே முடிவு தெரிந்தது. பெரியவர் வகுப்பு போச்சு. இத்தனை அன்பை வைத்துக்கொண்டு இவர்கள் என்னை மறுபடியும் கவிழ்த்துவிட்டார்களே என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"வேற கேள்வி உண்டுமா?" என்றார் ஐயா, சம்பிரதாயத்துக்கு.

அப்போது அவர் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது. சிவபிரகாஷின் கை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

"நான் வெளியாளுங்க. கேக்கலாங்களா?"

"கேட்கத்தானே உக்காந்திருக்கோம். கேளுங்க."

அவர் ஐயாவைப் பார்க்கவில்லை. நேராக ஜெயசுதாவைப் பார்த்தார். வீட்டில் 'வா', 'போ' என்கிறவர், சபை நடுவில் 'ங்க' போட்டுப் பேசினார்.

"ரூத்துப் பத்தி எல்லாருஞ் சொன்னீங்க. அந்த ஓர்பாளு... அவ அவ சாமியக் கும்புட்டுட்டு, அவ ஊருக்கே போயிட்டா. கெட்டவ மாதிரித் தெரியலீங்க. அழுதுட்டுத்தான் போறா. அவள உங்க கடவுள் என்ன பண்ணினாருங்க? கைய உட்டுட்டாருங்களா?"

சபையில் எல்லாருக்கும் இதற்கு விடை தெரியும். எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார்கள்! ஓர்பாள் முத்தம் கொடுத்தாள், ஒட்டிக்கொள்ளவில்லை. உலகத்தைத் திரும்பிப் பார்த்தவள், தொலைந்து போனவள். தங்கதுரை அந்தப் பதிலை அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறாற்போல உதட்டை அசைத்தார். அதைச் சொன்னால் போதும். தேர்வாளரும் தலையாட்டக்கூடும், கமிட்டியும் மகிழும்.

ஆனால் கேட்டவர் ஓர்பாளைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பெட்டிக்குள் கிடந்ததை அவரே திறந்து, ஊர் முன்னால் எடுத்து வைத்துவிட்டார். தொலைந்து போனாள் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போக முடியுமா? அவரைக் குளிர்விக்க, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னால், இத்தனை வருஷம் படித்ததற்கு என்ன அர்த்தம்?

அவள் வேதத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தாள். பனியனை விரித்துப் பார்ப்பதுபோல, முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தாள். மனப்பாடமான பக்கம். ஆனாலும் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது.

"கைய உட்டுட்டாருன்னு இங்க இல்லீங்க" என்றாள். "திட்டி ஒரு வார்த்தகூட இல்ல. அதுக்கு மேல அவ என்ன ஆனான்னும் இல்ல. இல்லாதத நான் சொல்லமாட்டனுங்க. ஆனா இருக்கறது ஒண்ணு இருக்குது. அவ கெளம்பறதுக்கு முன்னாடியே நகோமி ரெண்டு பேருக்கும் சேத்து ஆசீர்வாதம் பண்றா. செத்துப் போனவிங்களுக்கும் எனக்கும் நீங்க எத்தன நல்லது பண்ணுனீங்களோ, அதே மாதிரிக் கர்த்தர் உங்களுக்கும் பண்ணட்டும்ங்கறா. நீ எந்தச் சாமிய..."

அந்த வரியை அவள் எத்தனையோ முறை வாசித்திருக்கிறாள், அது யாரைப் பற்றியது என்று இப்போதுதான் தெரிந்தது. பக்கவாதத்தில் விழுந்த அவளுடைய அப்பாவை இரண்டு வருஷம் தங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். அவள் கம்பெனிக்குப் போன பிறகு, மெஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, துடைத்து, வாயில் கஞ்சி ஊட்டியது இந்தத் திருநீற்றுக்காரர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கல்லறையில் முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு, பிள்ளை மாதிரி விக்கி அழுதவரும் அவர்தான். செத்துப் போனவருக்கும் அவளுக்கும் அவர் செய்த நல்லது கொஞ்சமா?

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ எந்தச் சாமியக் கும்படறேன்னு நகோமி கேக்கலீங்க. செஞ்ச நல்லதத்தான் சொன்னா."

தங்கதுரையால் பொறுக்க முடியவில்லை. மரியாதையெல்லாம் எங்கே போனதோ, பாதி எழுந்துவிட்டார். "இரு கண்ணு. அவ திரும்பிப் போனது அவ தேவர்கள்கிட்டன்னு அதிலயே போட்டிருக்குதில்ல?"

"போட்டிருக்குதுங்க. ஆனா, உன்ற அம்மா ஊட்டுக்குப் போன்னு சொன்னதே நகோமிதானுங்களே. அந்த ஊட்ல எந்தச் சாமி இருக்குதுன்னு அவளுக்குத் தெரியாதுங்களா? தெரிஞ்சுதான் கர்த்தர் பேரச் சொல்லி வாழ்த்தியனுப்பறா."

"அப்பறம் ரூத்து எதுக்குங்க அத்தன தூரம் வந்தா?" இது விஜயகுமாரி அக்கா. யாரும் அவளுக்குப் பிரித்துக் கொடுக்காத கேள்வி. கேட்டுவிட்டு அவளே திகைத்துப்போனாள்.

"அது எனக்கும் ரொம்ப நாளாச் சந்தேகமுங்க" என்று கன்னையன் ஆரம்பித்தான். அதன்பிறகு தூக்கிய கையை யாரும் இறக்கவில்லை. தங்கதுரைக்கும் விஜயகுமாரி அக்காவுக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. ஜெயசுதா ஒரு பக்கம் பதில் சொன்னாள், ஒரு பக்கம் தெரியாது என்றாள், ஒரு பக்கம் அடுத்த வாரம் படித்துவிட்டு வருகிறேன் என்றாள். ஞானசிகாமணி ஐயா பஸ்ஸை விட்டுவிட்டார்.

புறப்படும்போது அவளிடம் வந்தார். "நீ சொன்னதுல பாதிக்கு எனக்கு வேற அபிப்பிராயம் உண்டும்மா. எழுதி அனுப்புதேன், நீயும் சண்டைக்கு வா. ஆனா இன்னைக்கு நடந்ததுக்குப் பேருதான் வகுப்பு. பாஸு." பிறகு சிவபிரகாஷைத் தேடிப் போய் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் இருவரும் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தி டீ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகள் லீவானதால் கூட்டம் இல்லை. அவள்தான் ஆரம்பித்தாள்.

"எத்தன நாளா இதக் கேக்கோணும்னு இருந்தீங்க?"

"கண்ணாலத்துலருந்து."

"ஏனுங்க கேக்கல?"

"தொலஞ்சவன்னு நீ சொல்லிட்டா, தொலஞ்சவனுக்குத் தெனம் எப்பிடிச் சோறு போடுவ? இல்லேன்னு சொன்னா, எனக்கோசரம் பொய் சொல்றியோன்னு இருக்கும். ரெண்டும் எனக்கு வேண்டாம்னு உட்டுட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "இன்னிக்கு அந்த அம்மிணி வாற்கோதுமையில வந்து நின்னப்ப, எம் பொண்டாட்டி மறுக்காவும் அழுதுட்டு வருவாளேன்னு தோணுச்சு. கையத் தூக்கிட்டேன்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷனைப் பற்றி இத்தனை காலம் கடவுளிடம் தடுமாறிக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

"நாம் பொய் சொல்லலீங்க. நெசமா எனக்குத் தெரியாது. கடைசில யாரு எங்க இருப்பாங்கன்னு அந்தப் புஸ்தகத்துல நாந் தேடாத எடம் இல்ல. தெனமும் உங்களுக்காகக் கேப்பேன். என்ன கேக்கறதுன்னு தெரியாமயே கேப்பேன்." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "நீங்க மாறோணும்னு கேக்கறதா நெனச்சிட்டிருந்தேன். அது இல்லீங்க. எங்க போனாலும் நீங்க எம் பக்கத்துல இருக்கோணும், அத்தனதான்."

சிவபிரகாஷ் டம்ளரை வைத்துவிட்டு, பேக்கரி என்றும் பாராமல் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"கேக்கறத நிறுத்தீராத புள்ள" என்றார். "மலையேறி நானும் வருசா வருசம் அதத்தான் கேட்டுட்டு வாரேன்."